வீடும் வேலையும் மாறி மாறி அழுத்தும்போது: வாசகர் கேள்வி – பதில்

மன அழுத்தம் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லாப் பெயர்களையுமே விட்டுவிட்டோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: அலுவலகத்தில் எல்லோரிடமும் பொறுமையாகத்தான் பேசுகிறேன். வீட்டுக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடமே பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். நான் மோசமான அம்மாவா?

பதில்: இல்லை. உங்கள் உடம்பின் நேரக்கணக்கைப் பார்த்தால் விஷயம் புரியும். ஒரு நெருக்கடி வந்ததும் அட்ரினலின் என்ற ஹார்மோன் நொடிகளில் ஏறும், சில நிமிடங்களில் இறங்கிவிடும். அதன் பின்னால் வரும் கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் நிதானமான ஆசாமி. நெருக்கடி தொடங்கி 20, 30 நிமிடம் கழித்துத்தான் உச்சத்தைத் தொடும். அடங்க ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஐந்தரை மணிக்கு வந்த காட்டமான மெயிலின் பலனை ஆறு மணிக்கு உங்கள் பிள்ளை அனுபவிக்கிறது, அவ்வளவுதான்.

இதோடு பாதியில் விட்டுவந்த வேலையும் மனதில் ஓடிக்கொண்டிருக்கும். அதை அலுவலகத்திலேயே கட்டிப்போட ஒரு வழி உண்டு. கிளம்ப இருப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு ஒரு தாளை எடுத்து, முடியாத ஒவ்வொரு வேலைக்கும் நாளைக்குச் செய்ய வேண்டிய முதல் காரியத்தை மட்டும் எழுதுங்கள். 'அறிக்கை' என்று எழுதினால் பயன் இல்லை. 'அறிக்கையின் மூன்றாவது அட்டவணையில் போன மாத எண்களை நிரப்ப வேண்டும், 10 மணிக்கு' என்று எழுத வேண்டும். எங்கே, எப்போது, எதிலிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிட்டால் மூளை அதைத் திரும்பத் திரும்ப நினைவூட்டுவதைப் பெருமளவு விட்டுவிடும். தாளை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் 15 நிமிடம் எந்த முடிவும் எடுக்காதீர்கள். வீட்டுப்பாடம் முடிந்ததா, பை ஏன் நடுவழியில் கிடக்கிறது என்று எதையும் கேட்க வேண்டாம். முகம் கழுவி, உடை மாற்றி, உட்காருங்கள். கடிகாரம் பார்க்கத் தெரிந்த பிள்ளை என்றால், "பெரிய முள் மூன்றுக்கு வரும் வரை அம்மாவைக் கூப்பிடாதே, வந்ததும் நானே வருகிறேன்" என்று சொல்லலாம். சொன்ன நேரத்துக்குப் போய்விட வேண்டும். இரண்டு முறை தவறினால் பிள்ளை அடுத்த முறை காத்திருக்காது.

மூன்று, நான்கு வயதுக் குழந்தை என்றால் வரிசையை மாற்றுங்கள். முதல் பத்து நிமிடம் முழுக்கக் குழந்தைக்கு, பிறகு உங்களுக்கு. காத்திருக்கும் குழந்தை ஓயாமல் கூப்பிடும், மனம் நிறைந்த குழந்தை தானே விளையாடப் போய்விடும்.

இது பெரும்பாலும் கெட்டுப்போவது ஒரே காரணத்தால்தான்: அந்த 15 நிமிடத்தில் கையில் போன். அலுவலக வாட்ஸ்அப் குழுவை ஒருமுறை எட்டிப் பார்த்தாலே கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் கணினியை மூடியதும் வாசல் தாண்டி ஒரு சுற்று நடந்துவிட்டுத் திரும்ப வாருங்கள். வேலை முடிந்தது என்பதற்கு உடம்புக்கு ஓர் அடையாளம் வேண்டும்.

கேள்வி: மூச்சுப் பயிற்சி செய்தால் எனக்குத் தலை சுற்றுகிறது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது. எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: 'நன்றாக இழுத்து விடுங்கள்' என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்த 'நன்றாக' என்பதில்தான் கோளாறு. பெரிய பெரிய மூச்சாக வேகமாக இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு தேவைக்குக் கீழே இறங்கும். மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும், உதடும் விரலும் குறுகுறுக்கும். காற்று போதவில்லை என்று தோன்றுவதால் இன்னும் பலமாக இழுப்பீர்கள், இன்னும் மோசமாகும்.

சரியான முறையில் மூச்சின் அளவு குறைவு, வேகமும் குறைவு. முதுகு சாய்த்து உட்காருங்கள். ஒரு கையை மார்பிலும் ஒரு கையை வயிற்றிலும் வையுங்கள். மூக்கு வழியாக 4 நொடி உள்ளே, 6 நொடி வெளியே. ஒரு சுற்றுக்கு 10 நொடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. வயிற்றுக் கை மட்டும் லேசாக எழ வேண்டும். மூச்சுச் சத்தம் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாது. கேட்டால் அதிகமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். 4–6 திணறலாக இருந்தால் முதல் வாரம் 3–4 போதும். ஐந்து நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை.

மனதுக்குள் எண்ணாமல் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பாருங்கள். பதற்றத்தில் எண்ணும்போது எல்லோருமே வேகமாக எண்ணிவிடுவார்கள். பத்து என்று நினைத்தது ஆறு நொடியில் முடிந்திருக்கும்.

வெளிமூச்சை ஏன் நீட்டச் சொல்கிறோம் என்றால், உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று கூடும், வெளியே விடும்போது குறையும். மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தால் பலருக்கு அந்த வித்தியாசம் விரலுக்கே தெரியும். துடிப்பைக் குறைக்கும் வேலையைச் செய்வது வேகஸ் நரம்பு. நீண்ட வெளிமூச்சு அதற்குக் கூடுதல் நேரம் தருகிறது.

இன்னொன்று. சண்டை நடக்கும்போது முதன்முதலாக இதை முயன்று பார்த்து, 'பயன் இல்லை' என்று முடிவு கட்டுகிறவர்கள் அதிகம். இரண்டு வாரம் அமைதியான நேரத்தில் பழகியிருந்தால்தான் நெருக்கடியில் கை கொடுக்கும். பதறும்போது காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். அந்த மூச்சுத் திணறல் ஆஸ்துமாவாகவோ மாரடைப்பாகவோ இருந்தால் அது ஆபத்து. இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கி நிறுத்தும் பயிற்சிகளை மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

கேள்வி: கொஞ்சம் டென்ஷன் இருந்தால்தானே வேலை நடக்கும்?

பதில்: ஓரளவு உண்மை. இதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டும் எர்க்ஸ் – டாட்சன் ஆய்வு 1908-இல் சுண்டெலிகளை வைத்து நடந்தது. அதை அப்படியே ஆபீசுக்குப் பொருத்துவதில் எங்களுக்குத் தயக்கம் உண்டு. எவ்வளவு டென்ஷன் என்பதைவிட, வேலை முடிந்ததும் அது இறங்குகிறதா என்று பாருங்கள். சனிக்கிழமை மதியத்துக்குள்ளாவது தோள் தளர்ந்து, பசித்து, யாரோடாவது சிரித்துப் பேச முடிந்தால் பயமில்லை. ஞாயிறு மாலையே வயிறு பிசைந்தால் கவனிக்க வேண்டும்.

கேள்வி: படுத்ததும் தூங்கிவிடுகிறேன். சரியாக 3 மணிக்கு விழிப்பு வந்து, பிறகு அலுவலகக் கணக்கு, பிள்ளையின் படிப்பு என்று விடிய விடிய ஓடுகிறது.

பதில்: ஆழ்ந்த தூக்கம் இரவின் முன்பாதியில்தான் அதிகம். பின்பாதியில் தூக்கம் மெலிதாகும், விடியலை நோக்கிக் கார்ட்டிசாலும் ஏறத் தொடங்கும். அந்த நேரத்தில் சற்றே கண் விழிப்பது எல்லோருக்கும் நடப்பது. பலருக்குக் காலையில் அது நினைவிலேயே இருக்காது. உங்களுக்கு நினைவிருக்கக் காரணம், விழித்ததும் நீங்கள் மணி பார்ப்பது. 'மூணு ஆச்சு, ஆறுக்கு எழுந்திருக்கணும், மூணு மணி நேரம்தான்' என்று கணக்குப் போட்டதும் மூளை விழித்துக்கொள்கிறது. கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புங்கள். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். அலாரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறக்குறைய 20 நிமிடம் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் (மணி பார்க்காமல், உத்தேசமாக) எழுந்து வேறு இடத்துக்குப் போங்கள். மங்கலான வெளிச்சத்தில் சுவாரசியமில்லாத ஏதாவது ஒன்றைப் படியுங்கள். கண் சொக்கியதும் திரும்பப் படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் அதே நேரத்துக்கு எழ வேண்டும், விடுமுறை நாளிலும்தான். முதல் ஒரு வாரம் இதனால் இன்னும் களைப்பாகத்தான் இருக்கும். மூன்றாவது நாளே கைவிடுகிறவர்கள் அதிகம். இரண்டு, மூன்று வாரம் பொறுத்தால்தான் பலன் தெரியும்.

படுக்கும் முன் ஐந்து நிமிடம் நாளைய வேலைகளை எழுதிவிடுங்கள். அமெரிக்காவில் 57 இளைஞர்களை வைத்து நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், நாளைய வேலைகளை எழுதியவர்கள், முடிந்துபோன வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது.

கவலை என்பது வேலைப் பட்டியலில் அடங்காது. அதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். மாலையில் தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், 30 நிமிடம். படுக்கையறையில் வேண்டாம். தாளின் நடுவே கோடு போட்டு இடப்பக்கம் கவலை, வலப்பக்கம் 'இந்த வாரம் நான் செய்யக்கூடியது'. வலப்பக்கம் காலியாக இருந்தால் இருக்கட்டும். நாளின் மற்ற நேரத்தில் அந்தக் கவலை தலைகாட்டினால் ஒரு சொல் மட்டும் குறித்துவைத்து மாலைக்குத் தள்ளுங்கள். இந்த நேரத்தைப் படுக்கைக்கு முந்தைய மணியில் வைத்தால் நேர்மாறாகிவிடும். குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

காபியும் கணக்கில் வரும். கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே பெரும்பாலோருக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நான்கு மணிக்குக் குடித்ததில் பாதி ஒன்பது மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். மது தூக்கத்தைச் சீக்கிரம் வரவழைக்கும், ஆனால் பின்னிரவைக் கலைக்கும், அதாவது உங்கள் 3 மணியை. பலமான குறட்டையும் பகலில் தூங்கி விழுவதும் சேர்ந்திருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாக இப்படி என்றால் மருத்துவரிடம் போங்கள். தூக்க மாத்திரைக்கு முன்பாகத் தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: என் மேனேஜருக்கு எல்லாமே அவசரம். 'முடியாது' என்று சொன்னால் பெயர் கெட்டுவிடும்.

பதில்: 'முடியாது' என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் எடுத்த ஊழியர் கணக்கெடுப்புகளை வைத்து ராபர்ட் கரசெக் 1979-இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். வேலை அதிகம் என்பதோடு, அதை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் நமக்குக் கொஞ்சமும் பிடி இல்லை என்பதும் சேரும்போதுதான் ஆளை அதிகம் வாட்டும். அந்தப் பிடியில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்குவதுதான் உங்கள் வேலை.

கையில் உள்ள எல்லா வேலைகளையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆகும் என்று போடுங்கள். அந்த எண்ணை ஒன்றரையால் பெருக்குங்கள், ஏனென்றால் நாம் எல்லோருமே குறைத்துத்தான் மதிப்பிடுவோம். கூட்டங்களைக் கழித்து இந்த வாரம் உங்களிடம் உண்மையில் மிஞ்சும் மணி நேரத்தையும் எழுதுங்கள். வாரத் தொடக்கத்தில், தனியாக, ஐந்து நிமிடம் கேளுங்கள்:

"சார், இந்த வாரம் என்கிட்ட 32 மணி நேரம் இருக்கு. இந்தப் பட்டியலுக்கு 50 மணி ஆகும். வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டாயம் முடிய வேண்டிய மூணு எது?"

"எல்லாமேதான்" என்று பதில் வந்தால், "சரி சார், அப்போ இந்த வரிசையில ஆரம்பிக்கிறேன், மாத்தணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, அதையே இரண்டு வரி மெயிலாக அனுப்பிவிடுங்கள். புதன்கிழமை புதிதாக ஒன்று வந்து விழுந்தால் அதே மெயிலுக்குக் கீழே, "இது உள்ளே வந்தால் எதை அடுத்த வாரத்துக்குத் தள்ளட்டும்?"

சொதப்பும் இடங்கள் மூன்று. எண் இல்லாமல் 'ரொம்ப லோடு சார்' என்பது புலம்பலாகத்தான் கேட்கும். பத்துப் பேர் முன்னால் கேட்டால் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். கோபம் தலைக்கேறிய அன்றைக்கே கேட்பது மூன்றாவது. இரண்டு மாதம் இப்படிச் செய்தும் ஒன்றுமே மாறவில்லை என்றால் கோளாறு அந்த இடத்தில் இருக்கிறது. அதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது. இடமாற்றமோ வேறு வேலையோ தேடுவதும் ஒரு வகைச் சிகிச்சைதான்.

கேள்வி: கோபம் வந்தால் தலையணையைக் குத்தித் தீர்த்துக்கொள்ளச் சொல்கிறார்களே?

பதில்: வேண்டாம். கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துபவர்களுக்குக் கோபம் கூடுவதாகத்தான் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள்.

கேள்வி: சண்டை முற்றும்போது எழுந்து வெளியே போய்விடுவேன். 'ஓடி ஒளிகிறீர்கள்' என்கிறாள் மனைவி. எது சரி?

பதில்: எழுந்தது சரி, சொல்லாமல் போனது தவறு. தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன், நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதில் ஏறாது என்கிறார். அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். ஆனால் போகிறவருக்கு அது ஓய்வு, இருக்கிறவருக்கு அது கைவிடல்.

எனவே நல்ல நாளில் இருவரும் ஒரு வாக்கியத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: "எனக்கு இப்போ முடியலை, அரை மணி நேரம் கழிச்சுப் பேசலாம்." நேரத்தைச் சொல்ல வேண்டும். யார் எழுந்து போனாரோ அவர்தான் திரும்பி வந்து பேச்சைத் தொடங்க வேண்டும். எந்தச் சண்டையும் ஒரு நாளுக்கு மேல் தள்ளிப் போகக் கூடாது. நடுவில் நடக்கலாம், குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம். 'அவள் இப்படிச் சொன்னால் நான் அப்படிச் சொல்வேன்' என்று ஒத்திகை பார்த்தால் 20 நிமிடம் போயும் நாடி இறங்காது. அரை மணி கழித்து மனம் இன்னும் கொதித்தால், அதையும் வந்து சொல்லி இன்னொரு நேரம் கேட்கலாம்.

கேள்வி: படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன். கணவர் சொன்னதைச் செய்கிறார். ஆனால் எல்லாவற்றையும் நான்தான் நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. மண்டை வெடிக்கிறது.

பதில்: மாத்திரை வாங்குவதையே எடுத்துக்கொள்வோம். அட்டையில் நான்குதான் மிச்சம் என்று கவனிப்பது, மருந்துச் சீட்டு இன்னும் செல்லுமா என்று பார்ப்பது, வாங்குவது, வேளைவாரியாகப் பிரித்து வைப்பது, அவர் விழுங்கினாரா என்று பார்ப்பது. ஐந்து வேலை. 'வாங்கிட்டு வாங்க' என்றால் கணவர் செய்வது ஒன்று, மிச்ச நான்கும் உங்கள் தலையில்.

ஆகவே வேலையைத் துண்டாகக் கொடுக்காமல் சங்கிலியாகக் கொடுங்கள். 'மருந்து முழுக்க உங்கள் பொறுப்பு' என்றால் அட்டையைப் பார்ப்பது முதல் அவருடையது. கொடுக்கும் முன் எப்படிச் செய்தால் சரியாகச் செய்ததாகும் என்பதைப் பேசி எழுதிவிடுங்கள்: குறைந்தது ஏழு நாள் மருந்து கையிருப்பு, குடித்ததும் அட்டவணையில் டிக். பிறகு நினைவூட்டக் கூடாது. இங்கேதான் பலர் தோற்கிறார்கள். பின்னாலேயே போய்ச் சரிபார்த்தால் பொறுப்பு உங்களிடமே திரும்பி வந்துவிடும். ஆனால் இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை போன்றவற்றில் இப்படி விட்டுப் பழக்கும் முயற்சி வேண்டாம். முதல் மாதம் அவற்றை இருவரும் சேர்ந்து பாருங்கள், மற்றதை முழுசாக விடுங்கள்.

உங்களுக்கு வாரம் ஒருமுறை மூன்று மணி நேரம் வெளியே போக வேண்டும். எந்தக் கிழமை, எத்தனை மணி, உங்கள் இடத்தில் யார் என்று மூன்றும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். 'முடிஞ்சப்போ போய்க்கோ' என்று விட்டால் அந்த நாள் வராது. கணவருக்கு முடியாத வாரத்தில் நாத்தனாரோ கொழுந்தனாரோ வரட்டும். அவர்களிடம் கேட்பதும் கணவரின் வேலையாகவே இருக்கட்டும்.

கேள்வி: எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்? எதைச் சொல்ல வேண்டும்?

பதில்: இரண்டு வாரமாக நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்திருந்தால், முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லை என்றால் போய்விடுங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே போக வேண்டும், தனியாக இருக்கக் கூடாது, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட வேண்டும். நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை என்றால் 'டென்ஷனாக இருக்கும்' என்று நீங்களே முடிவு செய்யாமல் அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

வெறும் களைப்பு, படபடப்பு, எரிச்சல் என்றாலும் தைராய்டு, ரத்தசோகை, வைட்டமின் பி12 பற்றாக்குறை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இவை மூன்றும் மன அழுத்தம் போலவே வேஷம் போடும். ஒரு வாரம் தூங்கிய நேரம், காபி, தலைவலி வந்த நேரம் ஆகியவற்றைக் குறித்து எடுத்துப் போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். 'பர்ன் அவுட்' (வேலையால் முற்றிலும் சோர்ந்துபோவது) என்ற சொல்லைப் பலரும் தங்களுக்குச் சூட்டிக்கொள்கிறார்கள். உலகச் சுகாதார அமைப்பு 2019-இல் அதை வேலை சார்ந்த நிகழ்வு என்றே வகைப்படுத்தியது, நோய் என்று சொல்லவில்லை. வேலையை விட்டுப் பத்து நாள் விலகியிருந்தும் மனம் எழவில்லை என்றால் உள்ளே மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: காலையில் எழுந்தால் தாடையும் நெற்றிப் பொட்டும் வலிக்கின்றன. பகலில் பல்லைக் கடித்துக்கொண்டே வேலை செய்வதாகச் சக ஊழியர் சொன்னார்.

பதில்: உதடு மூடி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல், நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குச் சற்றுப் பின்னால் அண்ணத்தில் இருப்பதுதான் தாடையின் ஓய்வு நிலை. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிரப் பற்கள் தொடத் தேவையில்லை. கணினித் திரையின் மூலையிலும் போனின் பின்புறமும் ஒரு சிறிய வண்ணப் பொட்டு ஒட்டுங்கள். அது கண்ணில் படும்போதெல்லாம் பல் தொடுகிறதா, தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா என்று பார்த்துத் தளர்த்துங்கள். சில நாளில் பொட்டு கண்ணுக்குப் பழகி மறைந்துவிடும், அப்போது இடத்தை மாற்றுங்கள்.

மாலையில், அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சி உதவும். கை முஷ்டி, மேல்கை, தோள், நெற்றி, வயிறு, தொடை, கெண்டைக்கால் என்ற வரிசையில் ஒவ்வொன்றையும் 5 நொடி இறுக்கி, ஒரேயடியாக விட்டு, 20 நொடி அந்தத் தளர்ச்சியைக் கவனியுங்கள். முழு பலத்தில் இறுக்கினால் சுளுக்கும், முக்கால் பலம் போதும். வலிக்கும் தாடையை மட்டும் இறுக்கவே வேண்டாம்.

இரவில் பல் நறநறப்பவர்களுக்குப் பல் மருத்துவர் அணியச் சொல்லும் உறை பல் தேய்வதைத் தடுக்கும், நறநறப்பை அநேகமாக நிறுத்தாது. மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மாத்திரைகளாலும் பல் கடிப்பு வரலாம். நீங்கள் அப்படி ஏதாவது சாப்பிட்டால் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், எழுதித் தந்த டாக்டரிடமே அளவை மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.